வெள்ளையம்மாளின் சக்களத்தி

அந்த மூங்கில் வீட்டுக்குள் வந்த நாளே வெள்ளையம்மாளுக்கு அதைப் பிடிக்கவில்லை.

திண்டிவனத்தில் ரயிலடிக்குப் போகும் தெருவில் அவர்கள் வீடு. ஓர் அடுப்பங்கரை, ஓர் அறை, நடுவில் ஓடு வரை எழும்பாத அரைச்சுவர். மூங்கிலோ இரண்டு ஆள் உயரத்துக்கு மேல் நீளம். அதன் ஒரு முனை அடுப்புக்கு மேலே, மறு முனை அவர்கள் பாய் விரித்துப் படுக்கும் இடத்துக்கு மேலே. ஓட்டுச் சட்டத்தில் கயிறு போட்டுக் கட்டிக்கொண்டிருந்தார் அவள் கணவர் தேவசகாயம். மிஷன் பள்ளிக்கூடத்தில் ட்ரில் மாஸ்டர்.

“இன்னாங்க இது, ஊட்டுக்குள்ள பந்தல் போடறீங்களா?”

“போல் ஜம்ப்பு கம்பு. ஊனித் தாண்டறது. புகையில காயணும்.”

“எத்தினி நாளைக்கு?”

“ஒரு மழைக்காலம் போவட்டும்.”

பச்சை மூங்கில் நன்றாக வளையும், வளைந்தபடியே நின்றுவிடும். வெயிலில் காய்ந்தது வேகமாக நிமிரும். ஆனால் கணுவில் வெடிக்கும். ஓங்கி ஊன்றும்போது வெடித்தால் தாண்டுகிறவன் வயிற்றில் ஏறும். இரண்டுக்கும் நடுவே ஒரு பதம் உண்டு. மெதுவான சூடும் விடாத புகையும் கிடைத்தால் அந்தப் பதம் வரும். அதற்கு அடுப்படியை விட்டால் வேறு இடமில்லை. வாரம் ஒருமுறை தேவசகாயம் கயிற்றை அவிழ்த்து அடியை நுனியாகவும் நுனியை அடியாகவும் மாற்றிக் கட்டுவார். கட்டுமுன் விரலால் ஒவ்வொரு கணுவையும் தட்டிக் காது கொடுத்துக் கேட்பார். கீழே வெள்ளையம்மாள் ஊதுகுழலால் அடுப்பை ஊதிக்கொண்டிருப்பாள். புகை வேண்டும் என்று ஈர விறகாகவே வாங்கி வந்து போட்டிருந்தார். கண் எரிந்தது. இது யாருக்காக என்று அப்போது அவளுக்குத் தெரியாது.

தெரிந்தது 1936 கிறிஸ்துமஸ் முடிந்த கையோடு. மழை தொடங்கிய புதிதில், பக்கத்துக் கிராமமான பிரம்மதேசத்தில் ஒரு சாவுக்குப் போன தேவசகாயம், வெள்ளம் புரண்ட வாய்க்காலை ஒருவன் கழி ஊன்றித் தாண்டியதைப் பார்த்திருந்தார். தாண்டியவன் சவுரிராயன். கூலிக்கு ஏர் ஓட்டுபவன், இருபது இருபத்தொரு வயது. அவன் கரை ஏறிப் போன பிறகும் அவர் சாவு வீட்டை மறந்து அங்கேயே நின்றாராம். மூங்கில் வெட்டக் கிளம்பியது மறுநாள். ஆள் வருவதற்கு முன்பே அவனுடைய கம்பு வீட்டுக்கு வந்துவிட்டது.

பிறகு ஆளும் வந்தான். பள்ளிக்கூடத்துத் தோட்டத்துக்குத் தண்ணீர் இறைக்கும் வேலை, சாயங்காலம் மைதானம், சாப்பாடு மாஸ்டர் வீட்டில். விழுந்தால் அடிபடக் கூடாது என்று மைதானத்தில் குழி வெட்டி, மல்லாட்டை மில்லிலிருந்து வண்டி வண்டியாக வேர்க்கடலைத் தோல் கொண்டுவந்து கொட்டினார் தேவசகாயம். மல்லாட்டைத் தோல் மணலைப் போல இறுகாது. விழுந்தவனை வாங்கி மெல்லக் கீழே விடும். ஆனால் வீடு வரைக்கும் வரும். சட்டைப் பையில், வேட்டி மடிப்பில், காதுக்குள்ளே கூட. வெள்ளையம்மாள் பாயை உதறினால் தோல் உதிர்ந்தது. கணவர் இருக்கிறாரோ இல்லையோ, அந்தக் குழி அவளோடு படுத்திருந்தது.

அடுத்த தெரு பொன்னி கோழி வளர்ப்பவள். முட்டை அவளிடம்தான்.

“இன்னா வெள்ளையம்மா, உன் ஊட்டுக்காரரு முட்டை வாசனையே ஆவாதுன்னாரே. இப்ப கூடை கூடையா வாங்கிக்கினு போறே?”

“அவருக்கு இல்ல.”

“அப்ப உன் சக்களத்திக்கா?”

பொன்னி சிரித்தாள். வெள்ளையம்மாள் சிரிக்கவில்லை. சொன்னவள் விளையாட்டாகத்தான் சொன்னாள். ஆனால் அந்தப் பெயர் பொருந்திவிட்டது. மறுநாள் முதல் பொன்னி, “சக்களத்தி சாப்பிட்டாச்சா?” என்றே விசாரித்தாள். தெருவில் நாலு பேர் பிடித்துக்கொண்டார்கள்.

முட்டையைக்கூட அவள் பொறுத்துக்கொண்டிருப்பாள். பொறுக்க முடியாதது இருட்டிய பிறகு நடப்பது. சவுரிராயன் அறையில் காலை நீட்டி உட்காருவான். தேவசகாயம் இலுப்பை எண்ணெயைச் சுடவைத்து அவன் கெண்டைக்காலில் தேய்ப்பார். தேய்த்துக்கொண்டே பேசுவார்.

“இன்னிக்கு எடது குதிகாலு தரையில ஒரு நூலு முன்ன பட்டுச்சு. சத்தத்துலயே தெரிஞ்சுது.”

“ஆமாங்கையா.”

“நேத்து ராத்திரி தூங்கினியா?”

“தூங்கினேங்கையா.”

“காலையில வெளிக்கிப் போனியா? செரியா போச்சா?”

அரைச்சுவருக்கு இந்தப் பக்கம் கேப்பைக் களி கிண்டிக்கொண்டிருந்த வெள்ளையம்மாள் துடுப்பை நிறுத்தினாள். கல்யாணமாகி நாலு வருஷம். தூங்கினாயா என்று அவளை அவர் கேட்டதில்லை. சாப்பிட்டாயா என்றுகூடக் கேட்டதில்லை. கெட்ட மனிதர் இல்லை, அடித்ததில்லை, குடித்ததில்லை. சமைத்ததைச் சாப்பிட்டார், கொடுத்த வேட்டியைக் கட்டினார். அவர் கண் இப்படி ஒருவர் மேல் விழும், விழுந்தால் விலகாது என்பதே அவளுக்குத் தெரியாமல் இருந்தது. தெரியாமலே இருந்திருந்தால் நிம்மதியாக இருந்திருப்பாள்.

தாண்டும் வித்தை முழுதும் அவள் காதுக்கு வந்தது. எந்தக் கை மேலே, எந்தக் காலில் கிளம்புவது, எப்போது கம்பை விடுவது. கேட்கக் கூடாது என்றுதான் நினைப்பாள். கேட்டுக்கொண்டே இருப்பாள்.

1938 தொடக்கத்தில் விழுப்புரத்தில் ரயில்வே மைதானத்தில் எல்லோருக்குமான பந்தயம் நடந்தது. சவுரிராயன் பத்தடி தாண்டினான். ரயில்வேக்காரர்கள் அங்கேயே அவனைப் பிடித்துக்கொண்டார்கள். எஞ்சின் ஷெட்டில் வேலை, தங்க இடம், பட்டாளத்தில் பயிற்சி கொடுத்த ஒருவர் கையில் பழக்கம். ஏர் ஓட்டிய கூலிக்காரனுக்கு அது மறுக்கக்கூடிய காரியம் இல்லை. தேவசகாயமே போகச் சொன்னார். கம்பையும் அவரே அவிழ்த்துக் கொடுத்தார்.

அவன் ரயில் ஏறிய அன்று வெள்ளையம்மாள் கோழி அடித்துக் குழம்பு வைத்தாள். தேவசகாயம் இரண்டு கவளம் தின்றார். மூன்றாவதைப் பிசைந்துகொண்டே இருந்தார்.

“உப்பு கொறச்சலா?”

“இல்ல, நல்லா இருக்குது.”

எழுந்து கை கழுவிவிட்டு மைதானத்துக்குப் போனார். ஆளில்லாத குழியில் மல்லாட்டைத் தோலைக் கிளறிவிட்டு வந்தார். ஈரம் தங்கினால் அடியில் மக்கிவிடுமாம். அன்று மட்டுமல்ல, தினமும் போனார்.

அப்புறம் சனிக்கிழமைகள் ஆரம்பித்தன. சவுரிராயனுக்கு எழுத வராது. சாயங்காலம் விழுப்புரத்திலிருந்து பட்டணம் போகும் பாசஞ்சரில் கார்டாக நடராசன் வருவார். அவரிடம் வாய்ச்சேதி சொல்லி அனுப்புவான். வண்டி திண்டிவனத்தில் நின்றதும் நடராசன் கடைசிப் பெட்டியிலிருந்து தலையை நீட்டி, “மாஸ்டர், உங்க ஆளு இந்த வாரம் பத்தடி ரெண்டு அங்குலம்!” என்று கத்துவார். அவ்வளவுதான் சேதி. அதற்காக வியாழக்கிழமையிலிருந்தே தேவசகாயம் வேறு ஆளாகிவிடுவார். வெள்ளிக்கிழமை முகச்சவரம். சனிக்கிழமை மத்தியானமே சட்டையைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார். ஞாயிற்றுக்கிழமை கோயிலிலிருந்து திரும்பும்போதே முகம் வாடிவிடும். அவன் வீட்டிலிருந்தபோதாவது கணவரின் உடம்பு வீட்டில் இருந்தது. இப்போது உடம்பும் ரயிலடியில்.

அந்த வருஷக் கடைசியில் அவள் வலது குதிகாலில் ஆணி விழுந்தது. முதலில் உறுத்தல். பிறகு காலை ஊன்றவே முடியாமல் முன்பாதத்தில் நடந்தாள். வீட்டுக்கும் கிணற்றுக்கும் குடத்தோடு அப்படியே நடந்தாள். வேண்டுமென்றே அவர் எதிரில் இரண்டு தடவை கூடுதலாக நடந்தாள். குதிகால் ஒரு நூல் முன்னே விழுந்ததைச் சத்தத்தில் கண்டுபிடிக்கிற மனிதர் காப்பியை வாங்கிக் குடித்தார்.

1939 ஈஸ்டருக்கு அடுத்த வாரம், தங்கை செண்பகத்தைப் பார்த்துவிட்டு வருவதாகச் சொல்லி அவள் விழுப்புரத்துக்கு வண்டி ஏறினாள். மயிலம், பேரணி, விக்கிரவாண்டி என்று நின்று நின்று போன வண்டியில் சொல்ல வேண்டியதை வரிசைப்படுத்திக்கொண்டாள். தங்கை வீட்டில் ஒருவேளை சாப்பிட்டாள். சாயங்காலம் நேரே ரயில்வே மைதானம்.

சவுரிராயன் அவளைத் தூரத்திலேயே பார்த்துவிட்டான். கம்பைப் போட்டுவிட்டு ஓடிவந்தான். நகக்கண்ணெல்லாம் கரி. ஆள் சதை போட்டிருந்தான்.

“அக்கா! மாஸ்டர் வந்திருக்காரா?”

“நான் மட்டும்தான்.”

“ஏங்க்கா கால இஸ்துக்கினு நடக்கறீங்க? குதிகாலா?”

மைதானத்தின் பாதி தூரம்தான் அவள் நடந்திருந்தாள். அதற்குள் கண்டுவிட்டான். கணவர் பார்க்காததை இவன் பார்த்தான் என்பது அவளுக்கு ஆறுதலாக இல்லை. நெஞ்சு பற்றிக்கொண்டு எரிந்தது. அந்தக் கண்ணை இவனுக்குக் கொடுத்தது யார்? அவர்தானே. அவளுக்குச் சேர வேண்டியது இவன் வழியாக, எச்சிலாக வந்து சேர்ந்தது.

“ஒண்ணும் இல்ல. முள்ளு.” வண்டியில் வரிசைப்படுத்தியதெல்லாம் மறந்துபோனது. வேறொன்று வாயில் வந்தது. “மாஸ்டரு உனக்கு ஒண்ணு சொல்லச் சொன்னாரு. இனிமே சேதி அனுப்பாத.”

“ஏங்க்கா?”

“அவருக்கு நேரம் இல்ல. புதுசா ஒரு ஆளு வந்திருக்கான்.”

சவுரிராயன் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்த துண்டு அப்படியே நின்றது. “யாரு?”

“வெங்கடாசலம். பொம்மையார்பாளையத்துப் பையன். கடல்ல போறவங்க.”

“எம்மாம் ஒசரம்?”

“பத்தே முக்கால்.”

“பத்தே முக்காலா? எந்தக் கால்ல கெளம்பறான்?”

இதை அவள் எதிர்பார்க்கவில்லை. இவன் இடது கால். ஆகவே அவள், “வலது,” என்றாள்.

“அப்ப மேல் கை எடதா? எடக்கைக்காரனா?”

“ஆமா.”

அவன் கீழே பார்த்தான். “எடக்கைக்காரன் ஒருத்தன் கெடச்சா எப்பிடி இருக்கும்னு மாஸ்டரு சொல்லிக்கினே இருப்பாரு,” என்றான் மெதுவாக. “கெடச்சிட்டான் போல.”

சோடா வாங்கிக் கொடுத்தான். அவள் குடிக்கவில்லை. திரும்பி நடக்கும்போது வலியைக் கடித்துக்கொண்டு குதிகாலைத் தரையில் முழுதாக ஊன்றி நடந்தாள், அவன் பார்ப்பான் என்று.

அந்தச் சனிக்கிழமை கார்டு நடராசன் தலையை நீட்டிக் கையை விரித்தார். “ஒண்ணும் சொல்லலீங்க மாஸ்டர். ஆளையே காணல.”

தேவசகாயம் வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றாமல் உட்கார்ந்தார். அடுத்த சனிக்கிழமையும் கைவிரிப்புதான். உடம்பு கிடம்பு சரியில்லையோ, விழுந்து எதையாவது முறித்துக்கொண்டானோ என்று சுவரைப் பார்த்துக் கேட்டார். வெள்ளையம்மாள் கேட்டது கிடைத்துவிட்டது. சக்களத்தி போயாயிற்று. புருஷன் வீட்டில்தான் இருந்தார், எதிரிலேயே. இவ்வளவு கிட்டத்தில் இருந்த மனிதர் இவ்வளவு தூரத்தில் ஒருநாளும் இருந்ததில்லை. மைதானத்துக்கும் போகவில்லை. குழியில் தோல் மக்கி நாற்றமெடுக்கிறது என்று பள்ளிக்கூடத்தில் சொல்லி அனுப்பினார்கள்.

அதற்கு அடுத்த ஞாயிறு கோயில் முடிந்து வந்து அவள் அடுப்பில் உலை வைத்திருந்தாள். வாசலில் சவுரிராயன் நின்றான். ஸ்தோத்திரம் என்று கும்பிடவில்லை. உட்காரவும் இல்லை.

“எங்கங்கையா அந்த எடக்கைக்காரன்?”

தேவசகாயம் எழுந்த வேகத்தில் பெஞ்சு சாய்ந்தது. “சவுரி! வாடா, வா! எந்த எடக்கைக்காரன்?”

“பொம்மையார்பாளையத்தான். பத்தே முக்கால் தாண்டறானாமே. வரச் சொல்லுங்க. என் எதுர்ல தாண்டட்டும். பாத்துட்டு நான் பாட்டுக்கு ஜல்தியா கெளம்பிப் போயிடறேன்.”

“யாருடா சொன்னது?”

“அக்காதான். விழுப்புரம் வந்து சொன்னாங்க. இனிமே சேதியே அனுப்பாதன்னு நீங்க சொன்னதாவும் சொன்னாங்க.”

தேவசகாயம் மனைவியைப் பார்த்தார். பிறகு அவர் முகம் மலர்ந்தது. தொடையில் தட்டிச் சிரித்தார்.

“கெட்டிக்காரிடா! நான் ஊட்ல சோந்து கெடக்கறதப் பாத்துட்டு, உன்ன ரோஷப்படுத்தி இங்க இஸ்துக்கினு வர, பத்தே முக்கால் அடியில ஒரு ஆளையே பெத்துட்டா பாரு!”

சவுரிராயனும் அவளைப் பார்த்தான். அவன் கோபம் இறங்குவது தெரிந்தது. “அப்பிடியாக்கா?” என்றான்.

வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். கெட்டிக்காரி என்ற சொல்லை அவர் வாயிலிருந்து அவள் கேட்டது அதுதான் முதல் தடவை. ஆனால் அதையும் அவர் இவனுக்காகவே சொன்னார். இவனைக் கொண்டுவந்து சேர்த்ததற்கான கூலி அது. அதை வாங்கிக்கொள்ள அவளால் முடியவில்லை.

“வரவைக்கச் சொல்லல,” என்றாள். “வரக் கூடாதுன்னு சொன்னேன். சேதியும் வரக் கூடாதுன்னு சொன்னேன்.”

தேவசகாயம் மறுபடி சிரிக்கப் போய் நிறுத்தினார். “ஏன்?”

“ஏன்னா கேக்கறீங்க? அவன் குதிகாலு எந்தப் பக்கம் சாயுதுன்னு தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவீங்க. என் காலப் பாத்தீங்களா?”

“உன் காலுக்கு இன்னா?”

தரையைப் பார்த்துக்கொண்டு சவுரிராயன் சொன்னான்: “அக்கா வலது குதிகால ஊனறதே இல்லீங்கையா. மைதானத்துல வரும்போதே பாத்தேன்.”

“நீ வாய மூட்றா! உன்னை யாரு கேட்டா?” என்று சீறினாள் வெள்ளையம்மாள்.

உலை கொதித்துத் தளும்பி அடுப்பில் ஊற்றியது. ஒருவரும் அதைக் கவனிக்கவில்லை.

“நட,” என்றார் தேவசகாயம்.

“இன்னாது?”

“அடுப்பண்டேந்து வாசப்படி வரைக்கும் நட.”

“நான் இன்னா உங்க ஸ்கூல் பையனா?”

“நட, வெள்ளையம்மா.”

அவர் குரலில் அதட்டல் இல்லை. மைதானத்துக் குரல் அது, கணுவைத் தட்டிக் கேட்கும்போது இருக்கிற கவனம். அவள் நடந்தாள். அவர் தரையில் குந்தி, தலையைச் சாய்த்து, கண்ணைத் தரை மட்டத்துக்குக் கொண்டுவந்து பார்த்தார். திரும்பி வரச் சொன்னார். மறுபடி போகச் சொன்னார். புடவைக் கரையைக் கொஞ்சம் தூக்கிக்கொண்டு மெதுவாக நடக்கச் சொன்னார். அவள் வெட்கத்திலும் ஆத்திரத்திலும் நடந்தாள். அந்தப் பார்வை காலில் படுவது சூடு மாதிரித் தெரிந்தது.

“எத்தினி நாளா?”

“கிறிஸ்துமஸுக்கு முந்தி.”

மன்னிப்பு என்று அவர் ஒன்றும் கேட்கவில்லை. அவருக்கு அது வராது. பெஞ்சை நிமிர்த்தி அவளை உட்கார வைத்தார். எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்து, அடுப்பில் மிச்சமிருந்த தணலில் சுடவைத்தார். அவள் பாதத்தைத் தன் முழங்காலில் வைத்துக்கொண்டு கட்டைவிரலால் குதிகாலை அழுத்தித் தேடினார். ஆணி இருந்த இடம் அகப்பட்டது. உயிர் போகிற மாதிரி வலித்தது. வலிக்கிறது என்று அவள் சொல்லவில்லை. சொன்னால் கையை எடுத்துவிடுவார்.

வாசற்படியில் நின்று சவுரிராயன் பார்த்துக்கொண்டிருந்தான். அந்தக் கிண்ணம் ஒரு வருஷம் அவனுடையதாக இருந்தது. அவன் முகம் போன போக்கை அவள் கவனித்தாள். அவளுக்குப் பழகிய முகம்தான். எத்தனையோ இரவு அரைச்சுவருக்கு இந்தப் பக்கம் அவளுக்கு இருந்தது அந்த முகம்தான்.

“உட்காருடா,” என்றாள். “உல ஊத்திப்போச்சு. சோறு ஆவ நேரமாவும்.”

அதனால் எதுவும் சமாதானமாகிவிடவில்லை. வெள்ளையம்மாள் அவனை மன்னித்தவள் அல்ல. சவுரிராயன் பத்தே முக்கால் அடியை ஒருநாளும் தாண்டவில்லை. யுத்தம் வந்து பந்தயங்கள் நின்றன, அவன் ஃபயர்மேனாகி எஞ்சினில் ஏறிவிட்டான். அந்த உயரம், பிறக்காத ஒருவனிடமே கடைசிவரை இருந்தது. அதைச் சொல்லிச் சொல்லித் தேவசகாயம் சிரிப்பார். அவள் சிரித்ததில்லை. பின்னால் பிள்ளைகள் பிறந்து, வளர்ந்து, அவளைப் படுக்கையில் வைத்துப் பார்த்துக்கொண்ட மாதங்களில்கூட யாராவது அவன் பெயரை எடுத்தால் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்வாள். மறைக்கத் தெரியாதவள். அப்படித்தான் வாழ்ந்தாள், அப்படித்தான் போனாள்.

ஆனால் சேதிகள் திரும்ப வர ஆரம்பித்த முதல் சனிக்கிழமை, தேவசகாயம் சட்டை போட்டுக்கொண்டபோது அவளும் புடவை மாற்றிக்கொண்டு வெளியே வந்தாள்.

“நீ எங்க?”

“நானும் வர்றேன்.”

“கால வச்சிக்கினா?”

“மெதுவா நடங்க.”

மெதுவாகவே நடந்தார். இரண்டு தடவை குனிந்து அவள் காலைப் பார்த்தார். பாசஞ்சர் வந்து நின்றது. கடைசிப் பெட்டியிலிருந்து கார்டு நடராசன் தலையை நீட்டி, ஸ்டேஷன் முழுக்கக் கேட்கும்படி உயரத்தைக் கத்தினார். தேவசகாயம் முகமெல்லாம் பல்லாக அவள் பக்கம் திரும்பினார்.

அவள் காதிலும் நன்றாகவே விழுந்திருந்தது. இருந்தாலும், “எவ்வளவாம்?” என்று கேட்டாள்.